ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். கலைச் சிகிச்சையாளராக என்ன படிக்க வேண்டும்?

#1 கீழவாசல் (தஞ்சாவூர்)

எல்லோருக்கும் வணக்கம். வயது 31. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் வண்ணக்கலை படித்தேன். ஆறு ஆண்டுகளாக ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியர். வகுப்புக்கு வாரம் ஒரு பாடவேளை. தேர்வு நெருங்கினால் அதையும் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார்.

ஒரு மாணவனால்தான் இந்தக் கேள்வியை எழுதுகிறேன். ஏழாம் வகுப்பு. போன ஆண்டு அவன் அப்பா விபத்தில் இறந்துவிட்டார். பள்ளி திறந்ததிலிருந்து ஒவ்வொரு வாரமும் அவன் ஒரே படத்தைத்தான் வரைந்தான்: ஒரு டிவிஎஸ் 50. பின்னால் கட்டிய கீரைக்கூடை, பக்கத்தில் தொங்கும் பிளாஸ்டிக் வாளி, பெட்ரோல் மூடி, சக்கரத்தின் கம்பிகள்கூட ஒவ்வொன்றாக. 'மழைக்காலம்' என்று தலைப்புக் கொடுத்த நாளிலும் அதே வண்டிதான். சரி, வரையட்டும் என்று விட்டுவிட்டேன். ஆகஸ்டில் ஒரு நாள் படத்தை முடித்ததும் கருப்புக் கிரேயானை எடுத்து அதன் மேலேயே தேய்க்கத் தொடங்கினான். கூடை மறைந்தது, வண்டி மறைந்தது, தாளின் ஓரம்வரை கருப்பு. இரண்டு கிரேயான்கள் ஒடிந்தன. ஓரிடத்தில் தாளே கிழிந்துவிட்டது. நான் பக்கத்தில் போய், "நன்றாக வந்திருந்த படத்தை ஏன்டா கெடுத்தாய்?" என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. மணி அடித்து எல்லோரும் போன பிறகு தாளை நான்காக மடித்துக்கொண்டு வந்து, "சார், இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்" என்றான்.

அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கேட்டிருக்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்று அன்று இரவே தோன்றியது. என்ன கேட்டிருக்க வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை.

கலையைக் கொண்டு மனநலச் சிகிச்சை அளிப்பவர்கள் இருக்கிறார்கள் என்று அதற்குப் பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன். இதற்கு முறையான படிப்பு எங்கே இருக்கிறது? உளவியல் பட்டம் கட்டாயமா? வெளிநாடு போய்த்தான் ஆக வேண்டுமா? இரண்டு நாள் இணையவழிப் பயிற்சி, முடிவில் சான்றிதழ் என்று விளம்பரங்கள் வருகின்றன, நம்பலாமா? மனைவி வேலைக்குப் போகிறார், நான்கு வயதில் மகள் இருக்கிறாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பிவிட முடியாத நிலை. இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

#2 அடையாறு ஆலமரம் (சென்னை)

தம்பி, எனக்கு 49 ஆகிறது. அந்த உரிமையில் தம்பி என்கிறேன். பதினான்கு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன்.

படிப்பைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் அந்தத் தாள். அதை வாங்கி வைத்தீர்களே, எங்கள் தொழிலில் அது பெரிய காரியம். பிரிக்காதீர்கள். ஆசிரியர் அறையில் யாருக்கும் காட்டாதீர்கள். கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள். என்னிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டைக் கோப்பு உண்டு. நாடா போட்டுக் கட்டி, பூட்டுகிற அலமாரியில் வைக்கிறேன். படம் வரைந்தவருக்குச் சொந்தம், நான் காவல் மட்டும். வீட்டில் வைக்க முடியாத ஒன்றை வைக்க ஓர் இடம் வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது, உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

என்ன கேட்டிருக்க வேண்டும் என்றீர்கள். ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. 'ஏன்' என்ற சொல் குழந்தையின் காதில் பெரும்பாலும் குற்றச்சாட்டாகத்தான் விழும். கண்ணால் பார்த்ததைச் சொல்லலாம்: "ரொம்ப அழுத்தித் தேய்த்தாய், கை வலித்திருக்குமே." அவ்வளவு போதும். பேச நினைத்தால் அவனே பேசுவான், இல்லையென்றால் அடுத்த வாரமும் தாள் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தால் சரி. கருப்பைப் பார்த்ததும் பயப்படவும் வேண்டாம். அவன் வண்டியை அழித்திருக்கலாம், ஒளித்திருக்கலாம், மூடிப் பத்திரப்படுத்தியிருக்கலாம், அல்லது கிரேயான் தாளில் தேயும் சத்தம் அன்றைக்கு அவனுக்குத் தேவைப்பட்டிருக்கலாம். அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. நீங்கள் அவனுடைய ஆசிரியர், சிகிச்சையாளர் அல்ல. வகுப்பாசிரியரிடமும் அவன் அம்மாவிடமும் பிள்ளையைப் பற்றிய உங்கள் அக்கறையைச் சொல்லுங்கள். படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். எந்தக் குழந்தையாவது தனக்குப் பாலியல் துன்பம் நேர்வதாகச் சொன்னால் மட்டும் இரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் அளிப்பது உங்கள் கடமை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் மனப்பாடமாக இருக்கட்டும்.

வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் ஒரு மருத்துவமனையில், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளோடு. ஒரு நாள் சிறப்புப் பள்ளி. மற்ற நாள்களில் என் சொந்த அறை. பழைய செய்தித்தாள் விரிப்பது, குவளை கழுவுவது, களிமண்ணை ஈரத்துணியில் சுற்றி வைப்பது என்று பாதி நேரம் போய்விடும். மருத்துவமனையில் களிமண்ணுக்கு அனுமதி கிடையாது, கிருமித்தொற்று அபாயம். ஆளுக்கொரு வண்ணப்பெட்டி; ஒரு குழந்தை தொட்டதை இன்னொரு குழந்தைக்குத் தர மாட்டேன். வலக்கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும், இடக்கையால் வரைவார்கள். கோடு கோணலாகப் போகும்போது, "இடக்கைக்கு இன்றுதான் முதல் வகுப்பு" என்பேன். ஒரு சிறுமி அன்றிலிருந்து தன் இடக்கைக்குத் தனியாகப் பெயர் வைத்து, படத்தின் கீழே அந்தப் பெயரில்தான் கையெழுத்துப் போட்டாள்.

எந்தப் பொருளைக் கையில் கொடுப்பது என்பதே ஒரு பாடம். பென்சில் சொன்ன பேச்சைக் கேட்கும், ரப்பரால் அழிக்கவும் முடியும். நீர்வண்ணம் ஓடும், கலங்கும், போட்டது போட்டதுதான். மனம் நூலிழையில் நிற்கிறவருக்கு முதல் நாளே பெரிய தூரிகையும் நிறைய தண்ணீரும் கொடுத்தால் அவரை வெள்ளத்தில் இறக்கிவிட்ட மாதிரி. இதை 1978இலேயே சாண்ட்ரா கேகின், விஜா லூஸ்பிரிங்க் என்ற இருவர் ஒரு கோட்பாடாக எழுதி வைத்தார்கள். எடித் கிரேமர் என்ற முன்னோடி 'மூன்றாவது கை' என்றார். களிமண் யானையின் கால் கழன்று கழன்று விழுந்தால் நீங்கள் வாங்கி ஒட்டித் தந்துவிடக் கூடாது. இரண்டு பரப்பையும் கீறி, களிக்குழம்பு தடவி அழுத்தினால் பிடிக்கும் என்று காட்டிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். யானை அவர்களுடையதாகவே இருக்க வேண்டும். ஓவிய ஆசிரியருக்கு இதுதான் கடினம், ஏனென்றால் நம் கை திருத்தியே பழகிய கை.

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றிவிட்டேன். எழுபதைத் தாண்டிய அம்மா. "எனக்கு வரையவெல்லாம் வராது" என்று மூன்று வாரம் கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான்காம் வாரம் கருப்பு சார்ட் அட்டையையும் கிண்ணத்தில் கோலப்பொடியையும் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விரலால் எடுத்து ஏழு புள்ளி வைத்தார். பக்கவாதம் வந்த கை, இழை நடுங்கிப் பிசிறியது. உள்ளங்கையால் துடைத்தார். மறுபடி ஏழு புள்ளி. ஐம்பது நிமிடத்தில் ஐந்து முறை போட்டு ஐந்து முறை அழித்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் எனக்கு முன்னால் வந்து காத்திருந்தார். கோப்பில் வைக்க ஒன்றுமில்லை. படம் எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, "கோலத்தை யாராவது எடுத்து வைப்பார்களா?" என்றார். உங்கள் மாணவன் தாளை வைத்திருக்கச் சொன்னான். இவர் வைக்க வேண்டாம் என்றார். இரண்டையும் அப்படியே ஏற்றுக்கொள்ளப் பழகுவதுதான் இந்தப் படிப்பு.

#3 நெல்லிமரம் (மதுரை)

நான் மருத்துவ உளவியலாளர். மேலே எழுதிய அம்மையாரின் அனுபவத்தின் மீது மதிப்பு உண்டு. ஆனாலும் கேள்வி கேட்டவர் வாழ்க்கையின் சில ஆண்டுகளைச் செலவிடப் போகிறார், அவருக்கு மறுபக்கமும் தெரிய வேண்டும்.

பிரிட்டனில் மனச்சிதைவு நோயுள்ள 417 பேரை வைத்து 'மாட்டிஸ்' என்ற பெயரில் ஒரு பெரிய சோதனை நடந்தது. முடிவுகள் 2012இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தன. வாரம் ஒரு முறை குழுவாகக் கலைச் சிகிச்சை. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் அன்றாடச் செயல்பாட்டிலோ நோய்க்குறிகளிலோ மேம்படவில்லை. ஒதுக்கப்பட்டவர்களில் பலர் அமர்வுக்கே சரியாக வரவில்லை. இன்னொரு பக்கம், 45 நிமிடம் கலையில் ஈடுபட்டால் மன அழுத்த ஹார்மோன் குறைகிறது என்று செய்தித்தாள்கள் கொண்டாடிய 2016ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு. பங்கேற்றவர்கள் 39 பேர். அவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேருக்கு கார்டிசால் என்ற அந்த ஹார்மோன் குறைந்தது உண்மை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழுவே அதில் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலும் குறைந்திருக்குமா என்பதற்கு அந்த ஆய்வில் பதில் கிடையாது.

அடுத்தது, படத்தைப் படித்து ஆளைச் சொல்லும் வழக்கம். வீடு, மரம், மனிதன் வரையச் சொல்லும் சோதனை 1948இலிருந்து இருக்கிறது. கதவு சிறியதாக இருந்தால் ஒதுங்கும் குணம், மரத்தில் பொந்து இருந்தால் பழைய காயம் என்றெல்லாம் சொல்வதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. அப்படிச் சொல்லிப் பெற்றோரைக் கலங்கடித்தவர்களை என் அறையில் நிறையச் சந்தித்திருக்கிறேன். மன்னிக்கவும், கலங்கடிக்கப்பட்ட பெற்றோரைச் சந்தித்திருக்கிறேன்.

சிகிச்சை என்பது கனமான சொல். ஆலோசனை உளவியலை முறையாகப் படியுங்கள். கலை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

#4 பனிமூட்டம் (இங்கிலாந்து)

நெல்லிமரம் ஐயா சொன்ன ஆய்வை நாங்கள் பயிற்சியிலேயே வரிவரியாகப் படித்தோம். மறைக்க வேண்டியதில்லை. நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது: விரும்பாதவரைப் பட்டியலில் சேர்த்து வாரம் ஒரு முறை அறைக்கு வரச் சொல்வதால் பயனில்லை. எங்கள் குழுவில் இப்போது முதல் சந்திப்பில் தாள்கூட எடுப்பதில்லை. இப்படி ஒரு வழி இருக்கிறது, பிடிக்குமா என்று கேட்கிறோம். பிடிக்கவில்லை என்றால் பேச்சுவழிச் சிகிச்சைக்கு அனுப்புகிறோம். அதே நேரம், பேச்சே வராத நிலையில் உள்ளவரை எந்த அளவுகோலால் அளப்பது என்ற கேள்வியும் நியாயமானது. அரை மணி நேரம் ஒரே அறையில் இன்னொரு மனிதரோடு இருக்க முடிந்ததே என் நோயாளிகள் சிலருக்கு அந்த ஆண்டின் பெரிய நிகழ்வு. வினாத்தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

இங்கே இந்தத் தொழில் பிறந்த கதை கீழவாசலுக்குப் பிடிக்கும், ஏனென்றால் தொடங்கியவர் ஓர் ஓவியர். ஏட்ரியன் ஹில் 1938இல் காசநோயோடு சஸெக்ஸில் ஒரு சானடோரியத்தில் படுத்திருந்தார். படுக்கையிலேயே வரைந்தார், பக்கத்துப் படுக்கைக்காரர்களையும் வரையத் தூண்டினார். 1942இல் 'கலைச் சிகிச்சை' என்ற சொல்லை உருவாக்கினார். 1946இல் எட்வர்ட் ஆடம்சன் என்ற இன்னொரு ஓவியர் சர்ரேயில் நெதர்ன் மனநல மருத்துவமனையில் ஓவியக்கூடம் ஒன்றை நடத்த வந்தார். மூளையில் அறுவை செய்வதும் மின் அதிர்ச்சி கொடுப்பதும் சாதாரணமாக நடந்த காலம். அவர் நோயாளிகளின் படங்களுக்கு விளக்கம் சொல்ல மறுத்தார். வரைவதற்கு இடமும் அமைதியும் கொடுத்தார், வரைந்ததைப் பாதுகாத்தார். அவற்றில் சில ஆயிரம் இன்று லண்டனில் 'வெல்கம்' என்ற அருங்காட்சியகத் தொகுப்பில் உள்ளன. மாணவியாக அவற்றைப் பார்த்த நாளில் எனக்குத் தோன்றியது, இவற்றை யாரோ ஒருவர் குப்பையில் போடாமல் இருந்திருக்கிறாரே என்பதுதான். இழுப்பறைத் தாளைப் பற்றிப் படித்ததும் அந்த நாள் நினைவுக்கு வந்தது.

இப்போதைய நிலை: 1964இல் கலைச் சிகிச்சையாளர்களுக்கான சங்கம் அமைந்தது, 1997இல் அரசுப் பதிவு வந்தது. 'கலைச் சிகிச்சையாளர்' என்ற தொழிற்பெயர் இங்கே சட்டப் பாதுகாப்புள்ளது. பதிவு இல்லாமல் போட்டுக்கொண்டால் குற்றம். முதுநிலைப் படிப்பு, முழுநேரம் என்றால் இரண்டு ஆண்டுகள், பகுதிநேரம் என்றால் மூன்று. கவின்கலைப் பட்டதாரிகளை விரும்பிச் சேர்ப்பார்கள். படைப்புகளின் தொகுப்பைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், மனநலம், சிறப்புக் கல்வி போன்ற இடங்களில் பணியாற்றிய அனுபவமும் பொதுவாகக் கேட்பார்கள். உளவியல் பட்டம் கட்டாயமில்லை. ஆனால் படிக்கும் காலம் முழுவதும் நீங்களும் ஒரு சிகிச்சையாளரிடம் போக வேண்டும். முதலில் எனக்கு இது வீண் செலவாகத் தெரிந்தது. ஊரில் பாட்டி இறந்தபோது போக முடியாமல் போனதைப் பற்றி மூன்றாவது மாதத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டேன். அதைத் தாண்டி என்னால் தூரிகையை நகர்த்த முடியவில்லை. எதிரே இருந்தவர் அவசரப்படவே இல்லை. அந்த இருபது நிமிடத்தில் கற்றதை எந்த விரிவுரையிலும் கற்கவில்லை.

வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் மிக அதிகம். வேலைகள் குறைவு, கிடைப்பவையும் பல பகுதிநேரம். கடன் வாங்கி வருவதாக இருந்தால் நூறு முறை யோசியுங்கள்.

#5 வாவிக்கரை (மட்டக்களப்பு)

நான் மாவட்ட வைத்தியசாலை ஒன்றில் உளவளத்துணையாளர். படிப்பைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. அந்தப் பிள்ளையின் இடத்தில் இருந்து ஒன்று சொல்லலாம்.

எங்கள் ஊரில் 1996இல் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. கனடாக் கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைக் குருவான பால் சற்குணநாயகம் அடிகளாரும் சேர்ந்து போரில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக உருவாக்கிய இடம். தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். 1998இல் எனக்குப் பத்து வயது. வாரத்தில் ஒரு நாள் பஸ் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போகும். வழியில் சோதனைச் சாவடிகள். வாசலுக்குள் நுழைந்தால் மரங்கள், களிமண், வர்ணம், கதை.

முதல் நாள், பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் பையன் ஒருவனுக்குப் பக்கத்தில் இருந்தேன். எங்கள் இரண்டு ஊருக்கும் இடையில் நடந்தவை இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு சொல் கதைக்கவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு களிமண் உருண்டைதான் இருந்தது. அவன் பாதியைப் பிய்த்துத் தோணி செய்தான். நான் மீதியில் ஓர் ஆளைச் செய்து அதில் இருத்தினேன். ஆள் பெரிது, தோணி பிளந்துவிட்டது. அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து தோணியின் அடியைத் தடிப்பாக்கினோம். பூங்காவில் யாரும் அதற்கு விளக்கம் சொல்லவில்லை. 'உனக்குச் சிகிச்சை தருகிறோம்' என்றும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் அம்மா அனுப்பியிருக்க மாட்டார்.

நெல்லிமரம் அவர்களின் எச்சரிக்கை சரிதான். ஆனால் ஒரு ஊரே காயப்பட்டுக் கிடக்கும்போது ஆளுக்கொரு சிகிச்சையாளர் கிடைக்க மாட்டார். நல்ல சித்திர ஆசிரியர், பாதுகாப்பான ஓர் அறை, ஒழுங்காக வரும் ஒரு நாள் என்று தொடங்கத்தான் முடியும். பேச்சில் கொண்டுவர முடியாத பாரத்தோடு ஒரு பிள்ளை இருந்தால் அவனை அனுப்ப ஓர் ஆளைத் தெரிந்து வைத்திருங்கள் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள்.

#6 பனிமூட்டம்

வாவிக்கரை, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ஆலமரம் அக்கா குறிப்பிட்ட எடித் கிரேமருக்கு ஓவியம் கற்பித்தவர் ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற வியன்னா ஓவியர். நாஜிகள் அவரை 1942இல் டெரெசின் வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். அனுமதிக்கப்பட்ட சிறிய மூட்டையில் அவர் முடிந்தவரை ஓவியப் பொருள்களை எடுத்துச் சென்று, அங்கிருந்த குழந்தைகளுக்கு வகுப்பு நடத்தினார். ஒவ்வொரு படத்திலும் குழந்தை தன் பெயரை எழுத வேண்டும் என்பார். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்சுக்கு அனுப்பிக் கொன்றார்கள். அதற்கு முன் ஏறத்தாழ 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் வைத்து முகாமிலேயே மறைத்துவிட்டுப் போனார். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பெயர்களோடு படங்கள் பிராகாவில் இருக்கின்றன.

#7 கோலப்பொடி (திருச்சி)

இடையில் கேட்பதற்கு மன்னியுங்கள். என் மகளுக்கு ஆட்டிசம், ஒன்பது வயது. ஒரு நிலையத்தில் 'கலைச் சிகிச்சை' என்று மாதக் கட்டணம் வாங்குகிறார்கள். அச்சிட்ட படத்தில் கோட்டைத் தாண்டாமல் வண்ணம் தீட்டச் சொல்கிறார்கள். தாண்டினால் கையைப் பிடித்துத் திருத்துகிறார்கள். அவள் அங்கிருந்து அழுதுகொண்டேதான் வருகிறாள். இதுதான் கலைச் சிகிச்சையா? எப்படித் தெரிந்துகொள்வது?

#8 அடையாறு ஆலமரம்

இல்லை, அம்மா. அது கைப்பயிற்சியாக வேண்டுமானால் இருக்கலாம், அழவைக்கிற பயிற்சி என்றால் அதுவும் வேண்டாம். அவர்களிடம் கேளுங்கள்: எங்கே, எத்தனை ஆண்டு படித்தீர்கள்? உங்களை மேற்பார்வை செய்பவர் யார்? என் மகளின் படங்களை எங்கே வைக்கிறீர்கள், யார் பார்க்கிறார்கள்? இதற்கு எரிச்சல்பட்டால் அன்றே வெளியே வந்துவிடுங்கள். வீட்டில் அகலமான தட்டில் கொஞ்சம் கோதுமை மாவு பிசைந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவள் என்ன செய்தாலும் சரி. பெயரில்லாமல் அப்படி அரை மணி நேரம் இருப்பது, அழவைக்கும் ஒரு மணி நேரத்தைவிட எவ்வளவோ நல்லது.

#9 தீவுக்காற்று (சிங்கப்பூர்)

சுருக்கமாக: இங்கே லாசால் கலைக் கல்லூரியில் 2006 முதல் கலைச் சிகிச்சையில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவில் அதுதான் முதலாவது. இரண்டு ஆண்டுகள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஆசியா மூன்றுக்கும் பொதுவான தொழில்முறைச் சங்கம் அதை ஏற்கிறது. இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு லண்டனைவிடப் பக்கம், ஆனால் மலிவு என்று சொல்ல மாட்டேன்.

நான் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் பணியாற்றுகிறேன். மறதிநோயால் ஆங்கிலமும் மலாயும் போய், சிறுவயதுத் தமிழ் மட்டும் மிஞ்சிய தாத்தா ஒருவர் இருந்தார். தமிழில் பேசும் சிகிச்சையாளர் அவருக்கு அவசியமாக இருந்தது. தமிழ் தெரிந்தவர்கள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன், கீழவாசல். உங்களுக்கு இடம் இருக்கிறது.

#10 அடையாறு ஆலமரம்

சொல்வதாகச் சொன்ன படிப்பு விவரம்.

இந்தியாவில் இந்தத் தொழிலுக்கென்று தனிப் பதிவு நடைமுறை இன்னும் நிலைபெறவில்லை. மருத்துவ உளவியலாளருக்கு ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு உண்டு, நமக்கு அது இல்லை. ஆனால் 2021இல் வந்த துணைமருத்துவ மற்றும் உடல்நலத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் அசைவுச் சிகிச்சையாளர் என்ற தலைப்புக்குள் கலை, நடனச் சிகிச்சையாளர்களையும் சேர்த்திருக்கிறார்கள். தலைப்பு நமக்குச் சரியாகப் பொருந்தவில்லை, இருந்தாலும் சட்டத்தில் பெயர் வந்துவிட்டது. வரும் ஆண்டுகளில் விதிகள் இறுகும். அதனால் இப்போது எடுக்கிற படிப்பு முறையானதாக இருக்க வேண்டும்.

அதே சட்டத்தைக் காரணம் காட்டி, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. தபாலில் எம்.ஏ. உளவியல் படித்துக்கொள்ளலாம் என்று பழைய பதிவுகளில் யாராவது எழுதியிருந்தால் அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். நேரில்தான் படிக்க வேண்டும். உங்களுக்குப் பக்கத்தில் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உளவியல் இருக்கிறது, நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். கவின்கலைப் பட்டத்துக்குத் தகுதி உண்டா என்று அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

நான் வந்த வழி: ஆலோசனை உளவியலில் முதுநிலை, பிறகு வெளிப்பாட்டுக் கலைச் சிகிச்சையில் (ஓவியம், இசை, அசைவு எல்லாம் சேர்ந்தது) பட்டயம், அதன்பின் இன்றுவரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை மேற்பார்வை. மேற்பார்வை என்றால் கண்காணிப்பு என்று நினைக்க வேண்டாம். என்னைவிட மூத்த ஒருவரிடம் போய், இந்த அமர்வில் எனக்குக் கோபம் வந்தது, இந்தக் குழந்தையை வீட்டுக்கு அழைத்துப் போய்விடலாம் போல இருந்தது என்று ஒளிக்காமல் சொல்கிற இடம். அது இல்லாமல் இந்த வேலையைச் செய்கிறவர்கள் இரண்டு ஆண்டில் கருகிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

வாரக்கடைசிப் பயிற்சியைப் பற்றிக் கேட்டீர்கள். பட்டயத்துக்கு முன்னால் நானும் ஒன்றுக்குப் பணம் கட்டினேன். இரண்டாம் நாள் ஒரு பெண்ணை எல்லோர் முன்னிலையிலும் 'உங்கள் உள்ளே இருக்கும் குழந்தையை வரையுங்கள்' என்றார்கள். அவர் வரைந்தார், உடைந்து போனார். நடத்தியவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கைதட்டச் சொன்னார். மாலை ஐந்தரைக்குச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணைப் பேருந்து நிறுத்தம்வரை கூட்டிக்கொண்டு போய், அவர் அக்கா வரும்வரை உட்கார்ந்திருந்தேன். திறக்கத் தெரிந்தவருக்கு மூடவும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு நாளில் அதைக் கற்றுக்கொடுக்க யாராலும் முடியாது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் இதில் வந்த பணம் என் வாடகைக்குப் போதவில்லை, மாலையில் ஓவிய வகுப்பு எடுத்துச் சமாளித்தேன். இப்போது பரவாயில்லை. உங்கள் வேலையை உடனே விட வேண்டாம். சனிக்கிழமைகளில் ஒரு சிறப்புப் பள்ளியிலோ மனநல இல்லத்திலோ தன்னார்வலராகப் போங்கள். ஓர் ஆண்டு. அதன் பிறகும் ஆசை இருந்தால் படியுங்கள்.

#11 நெல்லிமரம்

திறக்கத் தெரிந்தவருக்கு மூடத் தெரிய வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன். இப்படிப் பயிற்சி பெற்றவர் மதுரைப் பக்கம் இருந்தால் என் நோயாளிகளை அனுப்புவேன், தயக்கமில்லை. கீழவாசல், நீங்கள் படிக்கத் தொடங்கினால் தனிச் செய்தி அனுப்புங்கள். நேரடிப் பயிற்சிக்கு எங்கள் துறையில் கேட்டுப் பார்க்கிறேன்.

#12 கீழவாசல்

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமைகளில் ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போய்வருகிறேன். முதல் மாதம் என் கை தானாகவே பிள்ளைகளின் தாளை நோக்கிப் போனது. ஆலமரம் அக்கா எழுதியதை நினைத்துக்கொண்டு கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். நுழைவுத்தேர்வு எழுதியிருக்கிறேன். இடம் கிடைத்தால் ஜூலையில் பள்ளியிலிருந்து விலக வேண்டும்.

அவனைப் பற்றி. பள்ளியில் பேசி, ஒரு மனநல ஆலோசகரிடம் அவனை அனுப்ப ஏற்பாடாயிற்று. அவன் அம்மாவைச் சந்தித்தேன். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவராகவே பேச்சுவாக்கில் சொன்னார்: வண்டியைப் போலீஸ் திருப்பித் தந்துவிட்டார்களாம், விற்க மனமில்லாமல் திண்ணையில் நிற்கிறதாம். ஆகஸ்டில் நல்ல மழை வந்தபோது நனையக் கூடாது என்று பையன்தான் கருப்புத் தார்ப்பாயைத் தேடி எடுத்து மூடினானாம். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. கெடுத்தாய் என்று சொல்லிவிட்டேனே, அக்கா.

இப்போது அவன் வேறு படங்களும் வரைகிறான். அந்தத் தாளைப் பற்றி இதுவரை கேட்கவில்லை. நான் பள்ளியை விட்டுப் போனால் அதை என்ன செய்வது?

#13 அடையாறு ஆலமரம்

தம்பி, தார்ப்பாய்தான் அந்தக் கருப்பு என்றும் முடிவுகட்ட வேண்டாம். அது நமக்குப் பொருந்துகிற விடை. அவனுடையது வேறாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்ததாகவும் இருக்கலாம். கெடுத்தாய் என்று சொன்ன பிறகும் அவன் அந்தத் தாளை உங்களிடம்தானே கொண்டுவந்து கொடுத்தான்?

தாளை என்ன செய்வது என்று அவனிடமே கேளுங்கள். கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள். மூன்று நான்கு வாரம் முன்பே, நீங்கள் போகப் போவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யோசிக்க அவனுக்கு நேரம் வேண்டும், மனம் மாறவும் நேரம் வேண்டும். திருப்பிக் கேட்கலாம், உங்களோடு எடுத்துப் போகச் சொல்லலாம், கிழித்துப் போடச் சொல்லலாம். கிழிப்பதென்றால் அவன் கையால் கிழிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். திருப்பிக் கொடுப்பதென்றால் ஓர் உறையில் போட்டு, அவன் தந்தது போலவே நான்காக மடித்தபடி கொடுங்கள்.

ஜூலையில் இடம் கிடைத்ததும் இங்கே எழுதுங்கள். முதல் பருவத்துக்கான புத்தகங்கள் என்னிடம் இரண்டு பிரதி இருக்கின்றன.